திருச்செல்வத்தின் மகள் அமுதவள்ளி

வெளிநாட்டில் பிறந்துவிட்ட பிழையைத் திருத்திக்கொள்ள விரும்புகிறவர்களுக்காகச் சேர்ப்பு இலாகா என்று ஒன்று இருக்கிறது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பழைய கட்டடத்தின் ஏழாவது மாடியில் அதன் கிளை. லிஃப்ட் ஆறாவது மாடிவரை போகும். மிச்சத்தை விண்ணப்பதாரர் ஏறிக்கொள்ள வேண்டும். ஒரு மாடி ஏறக்கூட மனமில்லாதவருக்குக் குடியுரிமை எதற்கு என்று இலாகா நினைத்திருக்கலாம். உள்ளே நுழைந்ததும் சுவரை அடைத்துக்கொண்டு பெரிய எழுத்தில், ‘நாம் அனைவரும் ஒரே குடும்பம்’ என்று இருக்கும். அதற்குக் கீழே சின்ன எழுத்தில், தங்கள் எண் அழைக்கப்படாமல் யாரும் முகப்புக்கு வரக்கூடாது என்று இருக்கும்.

கிள்ளான் பக்கத்துக் காப்பாரிலிருந்து அமுதவள்ளி அந்த ஏழாவது மாடிக்கு முதன்முதலில் ஏறியபோது அவளுக்கு ஐம்பது வயது. பேராவூரணிப் பக்கம் பிறந்து, இருபத்து மூன்று வயதில் லோரி ஓட்டுநர் திருச்செல்வத்துக்கு வாக்கப்பட்டு இங்கே வந்தவள். வந்த நாளிலிருந்து அவளுக்கு விசிட் பாஸ்தான். வருடா வருடம் அதைப் புதுப்பித்துக்கொண்டு, இருபத்தேழு வருடமாக இந்த நாட்டுக்கு விருந்தாளியாக இருந்தாள். தன் வீட்டு வாசலைத் தானே பெருக்கி, தன் புருஷனுக்குத் தானே சமைத்து, பக்கத்துவீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுத்த விருந்தாளி. குடியுரிமை கேட்டு முன்பொரு தடவை கிள்ளானில் மனுப் போட்டிருந்தார்கள். பதினோரு வருடம் கழித்துப் போய் விசாரித்தபோது மனுவையே காணோம் என்றார்கள். ‘காணோம்’ என்று எழுதித் தரச் சொன்னதற்கு, காணாமல் போன ஒன்றைப் பற்றி எழுத்தில் எதுவும் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அப்போதெல்லாம் அவர்களுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. ஐ.சி. என்கிற குடிமக்கள் அட்டை இல்லாவிட்டால் சோறு இறங்காதா என்ன? ஆனால் திருச்செல்வத்துக்கு இரண்டு சிறுநீரகமும் போய், கிள்ளானில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனபிறகு சங்கதி வேறாகிவிட்டது. இருதயமும் பலவீனம் என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். அமுதவள்ளியின் பாஸ் திருச்செல்வத்தின் உயிரில் தொங்கிக்கொண்டிருந்தது. இலாகாவின் விதி அப்படி. பொறுப்பேற்கும் ஸ்பொன்சர் கணவராக இருக்க வேண்டும், உயிரோடு இருக்க வேண்டும், கூப்பிடும்போது நேரில் வந்து விரல் ரேகை வைக்க வேண்டும். வேறு யாரும் ஸ்பொன்சராக வழியில்லை, பிள்ளைகுட்டியும் இல்லை. அவர் போய்விட்டால் அவளும் போக வேண்டியதுதான். அவர் ஒரு பக்கம், அவள் இன்னொரு பக்கம்.

“நான் கண்ண மூடுறதுக்குள்ள ஒனக்கு ஒரு ஐ.சி. வாங்கிக் குடுத்திடணும் வள்ளி,” என்றார் திருச்செல்வம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அவளுக்கு வாங்கித் தருகிறேன் என்று சொன்னதையெல்லாம் வாங்கித் தந்திருந்தார்.

முகப்பில் இருந்த பெண்ணின் பெயர் ஷெர்லி. நல்ல பெண், ஆன்டி ஆன்டி என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். அமுதவள்ளியின் பாஸ்போர்ட்டைப் பார்த்து, அதில் இருந்தபடியே ‘அமுதவள்ளி திருச்செல்வம்’ என்று கணினியில் ஏற்றினாள். வினை அங்கேதான் பிடித்தது. அமுதவள்ளியின் ஊரில் கல்யாணமான பெண் பாஸ்போர்ட் எடுத்தால் பெயருக்குப் பின்னால் புருஷன் பெயரைப் போட்டுக்கொள்வாள். இங்கே அந்த வழக்கம் கிடையாது. இங்கே தமிழ்ப் பெண்ணின் பெயருக்குப் பின்னால் வருவது சாகும்வரை அப்பன் பெயர்தான், நடுவில் ‘மகள்’ என்பதற்கான மலாய்ச் சுருக்கம் கட்டாயம் இருக்கும். இலாகாவின் கணினிக்கு இந்த நாட்டு வழக்கம் மட்டுமே கற்றுக்கொடுத்திருந்தார்கள். இரண்டு பெயருக்கும் நடுவே அது தானாகவே ‘மகள்’ என்று போட்டுக்கொண்டது. ஷெர்லி அதை அழித்துப் பார்த்தாள். அழிக்க அழிக்க அது திரும்பி வந்தது.

“பரவால்ல ஆன்டி, மேல பாக்குறவங்களுக்குப் புரியும்லா,” என்றாள்.

மேலே பார்த்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. நான்கு மாதம் கழித்து வந்த கடிதத்தில், விண்ணப்பதாரர் ஸ்பொன்சரின் மகள் என்று பதிவுகளிலிருந்து தெரியவருவதாகவும், பெற்ற மகளை மணந்துகொள்வது சட்டப்படி குற்றம் என்பதை இலாகா வருத்தத்துடன் நினைவூட்டுவதாகவும், இரண்டு வாரத்துக்குள் விளக்கம் தேவை என்றும் எழுதியிருந்தது. திருச்செல்வம் சிரித்த சிரிப்பில் புரையேறி, அமுதவள்ளி அவர் தலையைத் தட்டித் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. அன்று சாயங்காலம் முழுக்க அவளை ‘வாம்மா மகளே’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்ததால் அவளும் சும்மா இருந்தாள்.

விளக்கத்தோடு போனார்கள். வாயால் சொல்லும் விளக்கத்தை இலாகா ஏற்காது, பொலிஸ் ரிப்போர்ட் வேண்டும் என்றாள் ஷெர்லி. இந்த நாட்டில் பர்ஸ் தொலைந்தாலும் பொலிஸ் ரிப்போர்ட், பக்கத்துவீட்டு நாய் குரைத்தாலும் பொலிஸ் ரிப்போர்ட். ஆகவே அமுதவள்ளி பொலிஸ் நிலையத்துக்குப் போய், தான் தன் புருஷனின் மகள் இல்லை என்று புகார் கொடுத்தாள். எழுதிக்கொண்ட சார்ஜனுக்கு ரொம்ப நேரம் விளங்கவில்லை. சந்தேக நபர் யார் என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்று கேட்டார். கணினி என்றாள். அதற்கு ஐ.சி. எண் வேண்டுமே என்று யோசித்துவிட்டு, ஐ.சி. எண் இருக்கிற ஆளாகப் பார்த்து, திருச்செல்வத்தின் பெயரை அங்கே எழுதிக்கொண்டார்.

அடுத்தபடியாக, பிறந்ததிலிருந்து அவளை அறிந்த இரண்டு குடிமக்கள் சத்தியப் பிரமாணம் கொடுக்க வேண்டும் என்றது இலாகா. பேராவூரணியில் பிறந்த பெண்ணைப் பிறந்ததிலிருந்து தெரிந்த குடிமகனுக்குக் காப்பாரில் எங்கே போவது? படிவத்தின் பின்பக்கத்தில் அதற்கும் ஒரு சலுகை வைத்திருந்தார்கள். அப்படி யாரும் கிடைக்காவிட்டால் தகப்பனார் ஒருவரின் கையெழுத்தே போதுமாம். அவளுடைய தகப்பனார் பழனியப்பன் காலமாகிப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. ஊரிலிருந்து அவருடைய இறப்புச் சான்றிதழை வரவழைத்துக் கொடுத்தாள். ஷெர்லி அதைக் கணினியில் ஏற்றியபோது, தகப்பனார் உயிரோடிருப்பதாகவும், கடைசியாகப் போன வாரம் கிள்ளானில் டயாலிசிஸ் செய்துகொண்டதாகவும் அது காட்டியது. உயிரோடு இருப்பவருக்கு இறப்புச் சான்றிதழ் கொடுத்தது பெரிய குற்றம், இந்த ஒரு தடவை மன்னிக்கப்படுகிறது என்று அடுத்த கடிதம் வந்தது.

இதற்குள் ஒரு வருடம் ஓடிவிட்டது. திருச்செல்வத்தின் கையில் ஊசி குத்தும் இடம் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தது. கால் மரத்துப்போய் சக்கர நாற்காலியில் வரத் தொடங்கினார். அவள் அவரைக் கிள்ளானிலிருந்து கொமியூட்டர் ரயிலில் ஏற்றி, கே.எல். சென்ட்ரலில் இறக்கி, வெயிலில் தள்ளிக்கொண்டு போவாள். ஆறாவது மாடியோடு லிஃப்ட் நின்றுவிடும். மேலே குடியுரிமைக்காகக் காத்திருப்பவர்களில் இரண்டு பேர், எந்த நாட்டுக்காரர்களோ பாவம், அவர்கள் பாஷை இவளுக்குத் தெரியாது, இறங்கி வந்து நாற்காலியோடு அவரைத் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். அந்தக் கட்டடத்தில் குடிமகன் ஒருவன் மேலே போவதற்கு அந்நியர்கள் வேண்டியிருந்தது.

கடைசியில் விஷயம் துணை இயக்குநர் கென்னத்திடம் போனது. தமிழர், நாற்பத்தைந்து வயது இருக்கும். மேசையில் ஒரு தட்டில் கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப்பும் பக்கத்தில் சின்ன தேசியக் கொடியும் வைத்திருந்தார். தமிழ் ஆள் என்றதும் அமுதவள்ளிக்கு உயிர் வந்தது. நடந்ததை எல்லாம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பொறுமையாகக் கேட்பதற்காக அவருக்கு இலாகாவில் விருதுகூடக் கொடுத்திருந்தார்கள், அது பின்னால் சுவரில் தொங்கியது. கணினியில் தேதிகளைப் பார்த்தார். திருச்செல்வத்துக்கும் அவளுக்கும் ஏழு வயதுதான் வித்தியாசம் என்பதைக் கண்டுபிடித்தார்.

“ஏழு வயசுல உங்களப் பெத்திருக்காரு. சிஸ்டத்துக்கே இது கொஞ்சம் ஒதைக்குது பாருங்க,” என்றார்.

“அதாங்க சார். அப்ப இவரு எங்கப்பா இல்லன்னு ஆயிடுச்சில்ல?”

“நமக்குத் தெரியுது. ஆனா ஏழு வயசுல முடியாதுன்னு ஒரு டாக்டர் எழுதித் தரணுமே. நாங்களா ஒரு முடிவுக்கு வந்துட்டா நாளைக்கு யாராச்சும் ஏழு வயசுல பெத்துட்டு வந்து நிப்பாங்க.”

டாக்டர் எழுதித் தந்தார். அது பொதுவான கருத்து, குறிப்பிட்ட இந்த நபருக்குப் பொருந்துமா என்று தெரியவில்லை என்று இலாகா திருப்பி அனுப்பியது. இரத்தப் பரிசோதனை செய்து, இருவருக்கும் இரத்த உறவு இல்லை என்று நிரூபிக்கச் சொன்னது. திருச்செல்வத்தின் உடம்பில் இருந்ததே கொஞ்சம் இரத்தம். அதிலும் இரண்டு குப்பி எடுத்தார்கள். ரயிலில் வரும்போது அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். ஷா ஆலாம் தாண்டி, இறங்க வேண்டிய கிள்ளான் நெருங்கியும் எழுப்ப மனசு வராமல், அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அழுதாள்.

முடிவு வந்தது. இருவருக்கும் எந்த இரத்த உறவும் இல்லை. கென்னத் எழுந்து நின்று கைகொடுத்தார். திருச்செல்வமும் அமுதவள்ளியும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பிறகு கென்னத் உட்கார்ந்து முடிவைக் கணினியில் ஏற்றினார். ‘ஸ்பொன்சருக்கும் விண்ணப்பதாரருக்கும் உள்ள உறவு’ என்ற கட்டத்தில் ‘மகள்’ போய், ‘உறவு இல்லை’ என்று வந்தது. உறவே இல்லாதவருக்கு ஒருவர் ஸ்பொன்சராக இருக்க முடியாது என்று திரையில் சிவப்பாக ஒரு வரி எரிந்தது.

“சார், கல்யாண சர்ட்டிபிகேட் இருக்குது, இருபத்தெட்டு வருஷம் ஆச்சு,” என்றாள் அமுதவள்ளி.

“இருக்கும்மா. யாரு இல்லன்னா? ஆனா அது மகளா இருந்தப்பவே செல்லாதுன்னு போட்டாச்சு. செல்லாம போனத செல்லும்னு ஆக்க ஒரு நேர்காணல் இருக்கு. ஒங்க ரெண்டு பேரையும் வச்சுக் கேப்போம், இந்த நாட்டோட எவ்வளவு சேந்திருக்கீங்கன்னு பாப்போம்.” கென்னத் கறிபாப்பைக் கொஞ்சம் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். “நீங்க ஒண்ணு புரிஞ்சிக்கணும். இந்த இலாகா இதுவரைக்கும் ஒருத்தரையும் வேணாம்னு சொன்னது கெடையாது. காத்திருங்கன்னுதான் சொல்றோம். காத்திருக்க முடியாம சில பேரு ஊருக்குப் போயிடுறாங்க, சில பேரு செத்துப் போயிடுறாங்க. அது அவங்க சொந்த முடிவு. நாடுங்கிறது ஒரு குடும்பம். குடும்பத்துல ஒருத்தர சேத்துக்கிறதுன்னா சும்மாவா? எங்க மாமியார நான் வீட்டுல சேக்கவே ஆறு வருஷம் யோசிச்சேன். இன்னும் யோசிச்சிக்கிட்டுதான் இருக்கேன்.”

நேர்காணல் ஒரு புதன்கிழமை. புதன்கிழமை அவருக்கு டயாலிசிஸ். வேறு நாள் கேட்டால் எட்டு மாதம் தள்ளிப்போகும் என்றார்கள். இரத்தம் சுத்திகரிக்கும் நாளைத் தவறவிட்டால் அவர் உடம்பு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். எட்டு மாதம் தனக்கு இல்லை என்று அவருக்கும் தெரிந்திருந்தது. வா போகலாம் என்று மட்டும் சொன்னார்.

கேள்விகள் மலாயில் கேட்கப்பட்டன. அமுதவள்ளி எல்லாவற்றுக்கும் மலாயிலேயே பதில் சொன்னாள். மாநிலங்களைச் சொன்னாள், சுல்தான்களைச் சொன்னாள், நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுக்குச் சம்பல் வதக்கும் பக்குவத்தைச் சொன்னாள், தேசிய கீதத்தை எழுந்து நின்று முழுக்கப் பாடினாள். அப்புறம் திருச்செல்வத்தைப் பாடச் சொன்னார்கள். அவர் இரண்டாவது வரியில் தட்டுத்தடுமாறி நின்றுவிட்டார். முகமெல்லாம் வீங்கி, மூச்சு இழுத்தது. அமுதவள்ளி பதறிப்போய் சார் சார் என்றாள். கென்னத் பெருந்தன்மையோடு கையமர்த்தினார். அவர் பிறப்பால் குடிமகன், அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்றார். பிறகு இரண்டு பேரின் விரல் ரேகையையும் வாங்கிக்கொண்டு, எல்லாம் திருப்தி, முடிவு தபாலில் வரும் என்று அனுப்பிவைத்தார்.

வெள்ளிக்கிழமை கிள்ளானில், டயாலிசிஸ் இயந்திரத்தில் இருக்கும்போதே, மதியம் இரண்டு மணிக்குத் திருச்செல்வம் இறந்துபோனார்.

ஆஸ்பத்திரிச் சவக்கிடங்கில் இருந்தவர் நல்ல மனுஷன். அமுதவள்ளியின் பாஸ்போர்ட்டை வாங்கிக் கணினியில் தட்டிப் பார்த்தார். மனைவி என்று எங்கும் பதிவில்லை. ஒரு பதிவில் உறவு இல்லை என்றிருந்தது, பழைய பதிவு ஒன்றில் மகள் என்றிருந்தது. மனைவி என்று எழுதினால் சரிபார்க்கத் திங்கள்கிழமை ஆகும், மகள் என்று கையெழுத்துப் போட்டால் இப்போதே எடுத்துக்கொண்டு போகலாம் என்று தணிந்த குரலில் சொன்னார். இருபத்தெட்டு வருடம் கூடப் படுத்தவள் அவள். மூன்று நாள் அந்த ஐஸ் பெட்டியில் அவரைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவாளா? மகள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அக்கம்பக்கத்தார் லோரிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்து எல்லாக் காரியத்தையும் முன்னின்று செய்தார்கள். கொள்ளி வைக்க யார் என்ற கேள்வி வந்தபோது, அவரோடு இருபது வருடம் லோரி ஓட்டிய சிவநேசன் முன்னால் வந்தான். அவனிடம் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை.

கருமாதி முடிந்து மூன்றாம் நாள் இலாகாவின் கடிதம் வந்தது. தங்களுக்கும் ஸ்பொன்சருக்கும் உள்ள உறவு முழு ஆய்வுக்குப் பின் ‘மனைவி’ என்று திருத்தப்பட்டிருக்கிறது, வாழ்த்துகள், ஸ்பொன்சரோடு நேரில் வந்து குடியுரிமைக் கடிதத்தைப் பெற்றுக்கொள்ளவும் என்று எழுதியிருந்தது. அவள் அதை மூன்று தடவை படித்தாள். அவர் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தனியாகத்தான் போனாள். ஆறாவது மாடியிலிருந்து தானே ஏறினாள். கென்னத் ஸ்பொன்சர் எங்கே என்று வாசலைப் பார்த்தார். அவள் இறப்புச் சான்றிதழை நீட்டினாள். அவர் ரொம்ப வருத்தப்பட்டார். உண்மையிலேயே வருத்தப்பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும், குடிக்கத் தே கொண்டுவரச் சொன்னார். குடியுரிமைக் கடிதம் அவர் மேசைமேலேயே, அவள் பெயர் போட்டுத் தயாராக இருந்தது. அதை எடுத்து ஒரு கோப்புக்குள் வைத்து மூடினார். மனைவிக்கு ஸ்பொன்சர் கணவர்தான், கணவர் இல்லை, ஆகவே மனு தானாக முடிவுக்கு வந்துவிட்டது என்றார். பாஸும் அப்படித்தான், முப்பது நாள் கொடுப்பார்கள் என்றார்.

அமுதவள்ளி மூடிய கோப்பைப் பார்த்தாள். மகளாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். கென்னத் விதியைப் புரட்டிப் பார்த்தார். இறந்த குடிமகனின் மகள் என்றால் இரக்கத்தின் பேரில் பரிசீலிக்க ஒரு பிரிவு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்.

“அப்ப என்ன மகளாவே வச்சிக்குங்க சார். ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தான் கையெழுத்துப் போட்டேன். மகள்னே இருந்துட்டுப் போறேன்.” அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “எனக்கு இங்க விட்டா வேற எங்கயும் யாரும் இல்ல சார்.”

“எப்படிம்மா? அது தப்புன்னு நீங்கதானே ரிப்போர்ட் குடுத்தீங்க, ரத்தம் குடுத்தீங்க. ரெண்டு வருஷமா எங்க ஆளுங்க ஒழச்சு அதத் திருத்தியிருக்காங்க. இந்தக் கெளையில திருத்தம் கெடச்ச மொத கேஸே ஒங்களுதுதான். அத மாத்தச் சொல்றது நல்லாவா இருக்கு?” கென்னத்தின் குரலில் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது. ஆஸ்பத்திரியில் பொய்க் கையெழுத்துப் போட்டதைத் தான் கேள்விப்படவில்லை என்று வைத்துக்கொள்வதாகவும் சொன்னார்.

ஷெர்லி வெளியே முகப்பில் முப்பது நாள் பாஸைத் தயார் செய்தாள். ஒரு படிவத்தைத் தள்ளினாள். நாட்டைவிட்டுப் போகிறவர், போய்த் தங்கப்போகும் சொந்த வீட்டு முகவரியை எழுத வேண்டும். பேராவூரணியில் அப்பன் வீட்டை எப்போதோ விற்றாயிற்று. இருந்த ஒரே அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டான். அண்ணன் பிள்ளைகள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்றுகூட அவளுக்குத் தெரியாது. அமுதவள்ளி பேனாவை வாங்கி, நிதானமாக, நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுத்தாள்.

ஷெர்லி படித்துவிட்டு நிமிர்ந்தாள். “ஆன்டி, இது காப்பார் வீட்டு அட்ரஸ்.”

“ஆமாம்மா,” என்றாள் அமுதவள்ளி. “சொந்த வீட்டு முகவரின்னுதானே கேட்டிருக்கு.”

முகவரி விண்ணப்பதாரரின் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்று படிவத்தின் அடியில் அச்சடித்திருந்தது. ஷெர்லி அந்த வரியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், அப்புறம் முத்திரையை எடுத்துக் குத்திவிட்டு, அடுத்த எண்ணை அழைத்தாள்.